தளரா நடை

தோற்றுவாய்

அரிய செயலைத் தொடங்குவோர் உலகில் பலர். அதனை முடிப்போர் சிலர். தொடங்கும் நாளில் உள்ளத்தில் எழும் கிளர்ச்சி முடிவுவரை நிலைத்திருப்பதில்லை. ஓட்டப்பந்தயத்தில் வெற்றி பெற விரும்பி, நாள்தோறும் வைகறையில் எழுந்து ஓடிப் பழகும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். முதல் சில நாள்களில் அவன் ஊக்கத்திற்கு அளவே இராது. பின்பு ஒருநாள் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். ஒருநாள் உள்ளங்காலில் கொப்புளம் எழும். ஒருநாள் உடன் ஓடுபவர் அவனை முந்திச் செல்வர். இவை பெருந்துன்பங்கள் அல்ல. ஆயினும், இத்தகைய சிறு தடைகளே பலருடைய முயற்சியை இடையில் முறித்துவிடுகின்றன. நோவு தணியும் வரையில் பொறுத்திருந்து, தணிந்தபின் பழைய விருப்பத்தோடு மறுநாட் காலையில் எழுபவனே பயன் பெறுகின்றான்.

ஓட்டத்திற்கு உரிய இவ்வுண்மை கல்விக்கும் தொண்டிற்கும் பொருந்தும். இதனைத் தம் வாழ்வால் விளக்கிக் காட்டிய சான்றோருள் ஒருவர் இராமாநுசர். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, நாடெங்கும் நடந்து தொண்டு புரிந்தவர் அவர். ஓர் ஆசிரியரிடம் ஒரு பொருளைக் கற்பதற்காக ஒரே வழியில் 18 முறை நடந்தவர் அவர். வைணவ ஆசிரியர்களின் வரலாற்றைக் கூறும் பழைய நூல்கள் அவருடைய வாழ்க்கையை விரித்துரைக்கின்றன. அவ்வாழ்க்கையில் வெற்றிகள் பல உண்டு. அவ்வெற்றிகளுக்கு முன்னே வந்த தடைகளும் பல உண்டு.

இளமையும் கல்வியும்

தொண்டை நாட்டில், காஞ்சி மாநகருக்கு அண்மையில் உள்ள திருப்பெரும்பூதூரில் 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. தந்தையார் ஆசூரி கேசவ சோமயாசியார், தாயார் காந்திமதியம்மையார். தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி, குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டார்.

இளமையில் நுண்ணறிவு மிக்கவராய் விளங்கிய இளையாழ்வார், காஞ்சிக்கு அருகில் உள்ள திருப்புட்குழியில் யாதவப் பிரகாசர் என்னும் பேரறிஞரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் கூறிய உரைகள் சில அவருக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. அங்ஙனம் தோன்றியபோது, பணிவு குன்றாமல் வேறு பொருள் உண்டென எடுத்துரைத்தார். மாணவனுடைய அறிவைக் கண்டு மகிழ வேண்டிய ஆசிரியர் மனங்கசந்தார். அக்கசப்பு நாளடைவில் பகையாக முற்றியது.

யாதவப் பிரகாசர் தம் மாணவரோடு கங்கை யாத்திரை புறப்பட்டார். அந்நெடுவழியில் இளையாழ்வாரின் உயிருக்குக் கேடு சூழ்ந்தனர் என்று வரலாறு கூறுகின்றது. உடன் சென்ற தம்பி முறையினராகிய கோவிந்தர் அச்சூழ்ச்சியை அறிந்து, விந்தியக் காட்டிடையே அண்ணனை எச்சரித்து விலகிச் செல்லுமாறு செய்தார். வழி அறியாத அடர்ந்த காட்டில் இளையாழ்வார் தனித்து நின்றார். அந்நிலையில் வேடுவர் இருவர் வழித்துணையாய் வந்து அவரைக் காஞ்சிக்குச் செல்லும் நெறியில் சேர்த்தனர் என்பர். காடு கடந்து, கால் நொந்து, அவர் தம் ஊரை அடைந்தார்.

நம்பிய ஆசிரியரே பகைவராயினார் என்றால், கல்வியின்மேலேயே வெறுப்புத் தோன்றுவது இயல்பு. இளையாழ்வார் கற்பதைக் கைவிடவில்லை. கற்பிக்கத் தக்காரைத் தேடினார். காஞ்சிக் கோயிலில் திருவாலவட்டம் வீசும் தொண்டு பூண்டிருந்த திருக்கச்சி நம்பியை அணுகினார். நம்பி வேதியர் குலத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் குலத்தை நோக்காது குணத்தை நோக்கி, இளையாழ்வார் அவரைப் பெரியோராகப் போற்றினார். நாள்தோறும் சாலைக் கிணற்றிலிருந்து தீர்த்தம் கொணர்ந்து காஞ்சிக் கோயிலில் சேர்க்கும் தொண்டினை அவர் மேற்கொண்டார். வேதாந்த நூல்களை வாதிட்டுக் கற்ற இளைஞர், தோளில் நீர்க்குடம் தாங்கி ஒரே வழியில் நாளும் நடந்தார். ஒவ்வொரு நாளும் ஒரே பணியைச் சலியாமல் செய்யும் பழக்கம் பின்னர் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

கொள்ளிடக் கரையில் ஓர் ஏமாற்றம்

அக்காலத்தில் திருவரங்கத்தில் வைணவப் பேராசிரியராக விளங்கியவர் ஆளவந்தார். தமக்குப் பின் அப்பெரும்பொறுப்பைத் தாங்கத் தக்கவர் இளையாழ்வாரே என்று அவர் கருதினார். முதுமையால் உடல் தளர்ந்திருந்த அவர், தம் மாணவராகிய பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பி இளையாழ்வாரை அழைத்துவரச் செய்தார்.

அழைப்பைக் கேட்ட இளையாழ்வார் உடனே புறப்பட்டார். பல நாள் நடந்து இருவரும் கொள்ளிடக் கரையை அடைந்தனர். ஆங்கே பெருங்கூட்டம் ஒன்று கண்ணீர் வடித்து நிற்கக் கண்டனர். ஆளவந்தார் உயிர் நீத்துவிட்டார்; அவரது திருமேனியை இறுதிச் சடங்கிற்காக அக்கரைக்குக் கொணர்ந்திருந்தனர். ஒரு முறையேனும் அவர் வாய்மொழியைக் கேட்க வேண்டும் என்று விரைந்து வந்த இளைஞருக்கு, அவருடைய பேச்சற்ற உடலைக் காணும் வாய்ப்பே கிடைத்தது.

பெரியவரின் வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவை அவருடைய நிறைவேறாத மூன்று விருப்பங்களைக் குறிப்பன என்று கொண்ட இளையாழ்வார், அவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக அங்கேயே உறுதி பூண்டார். வேதாந்த சூத்திரத்திற்குப் பேருரை காண்பது ஒன்று. வியாசர், பராசரர் ஆகிய முனிவர்பால் நன்றி விளங்கச் செய்வது மற்றொன்று. நம்மாழ்வாரின் தமிழை நாடெங்கும் பரப்புவது பிறிதொன்று. உறுதி கூறியவுடன் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன என்று பழைய நூல்கள் பேசும்.

துயரம் தாங்காத இளையாழ்வார் அன்று அரங்கநகருக்குள்ளும் செல்லாமல் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். பெருநோக்கம் உடையாரும் ஏமாற்றத்தால் வருந்துவர். வருந்தாமை பெருமை அன்று. வருத்தம் தணிந்தபின் எடுத்த பணியை நினைப்பதே பெருமையாகும். சில காலம் சென்றபின் அவர் மீண்டும் புறப்பட்டார். அவரை நாடி வந்த பெரிய நம்பியை மதுராந்தகத்தில் சந்தித்து, அவர்பால் உபதேசம் பெற்றார். பின்னர்த் துறவு மேற்கொண்டு, திருவரங்கத்தாரின் அழைப்பை ஏற்று அந்நகரை அடைந்தார். கோயில் ஆட்சியும், அடியார் கூட்டத்தின் தலைமையும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

பதினெட்டு நடைகள்

தலைமை வந்ததும் கற்பதை நிறுத்திவிடுவோர் உண்டு. இராமாநுசர் அத்தகையர் அல்லர். ஆளவந்தாரிடம் தாம் நேரே கேட்க இயலாதவற்றை, அவருடைய மாணவர்களிடம் தனித்தனியே சென்று கேட்க விரும்பினார். அம்மாணவருள் ஒருவர் திருக்கோட்டியூர் நம்பி. எட்டெழுத்துத் திருமந்திரத்தின் உட்பொருளை நன்கு உணர்ந்தவர் அவரே என்று பெரிய நம்பி தெரிவித்தார்.

திருக்கோட்டியூர், இக்காலச் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகில் உள்ளது. திருவரங்கத்திலிருந்து புறப்படுவோர் காவிரியைக் கடந்து, திருச்சிராப்பள்ளிக் குன்றினைப் பின்னே விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். ஆற்றுப் பாய்ச்சலால் பசுமை போர்த்த வயல்கள் சிறிது தொலைவில் முடிந்துவிடும். அப்பால், வானத்து மழையையும் ஏரிகளையும் நம்பி வாழும் வறண்ட நிலம் விரியும். இன்றைய சாலைக் கணக்கில் அவ்வழி 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது.

அவ்வழியே நடந்து சென்று, இராமாநுசர் நம்பியை வணங்கித் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். நம்பி உடனே இசையவில்லை. பின்னொரு முறை வருமாறு கூறி அனுப்பிவிட்டார். இராமாநுசர் திருவரங்கம் திரும்பினார்; மீண்டும் சென்றார். அம்முறையும் அதே விடையே கிடைத்தது. மூன்றாம் முறை சென்றார். நான்காம் முறை சென்றார். இங்ஙனம் 17 முறை சென்றும் அவர் விரும்பிய பொருள் கிடைக்கவில்லை.

ஒரு முறை செல்லவும் வரவும் 200 கிலோமீட்டர் எனக் கொண்டாலும், 18 முறைக்கும் 3,600 கிலோமீட்டர் ஆகின்றது. குமரிமுனையிலிருந்து காசுமீரம் வரையில் உள்ள சாலைத் தொலைவோடு ஒப்பிடத்தக்க தொலைவு இது. காசுமீரம் நோக்கிச் செல்பவன் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ஊரைக் காண்பான். தான் முன்னேறுவதையும் உணர்வான். இராமாநுசர் கண்டதோ ஒரே வழி, ஒரே வாயில், ஒரே விடை. முன்னேறுகிறோம் என்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லாதபோது நடப்பதே நடையுள் அரிய நடையாகும்.

அவர் சாதாரண மாணவரும் அல்லர். அரங்கன் கோயிலின் ஆட்சித் தலைவர். பல அறிஞர் அடிபணிந்து கற்கும் ஆசிரியர். அத்தகைய ஒருவரைப் பலமுறை திருப்பி அனுப்பினால், மானம் குறைந்தது என்று சினம் கொள்ளுதல் எளிது. இராமாநுசர் மனம் நொந்து கண்ணீர் வடித்தார் என்று வரலாறு கூறுகின்றது. ஆயினும் நம்பியைப் பழித்தார் என்று எங்கும் கூறவில்லை. பொருளின் அருமையை அறிந்தவர் அதனை எளிதில் வழங்கமாட்டார் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம்பியும் பகையால் மறுக்கவில்லை. விருப்பத்தின் ஆழத்தை அளந்து பார்த்தார். ஒரு முறை கேட்டுவிட்டு மறப்பவரிடம் உயர்பொருள் நிலைக்காது என்பது அக்கால ஆசிரியர் கொள்கை.

இறுதியில், தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியே வருமாறு நம்பி செய்தி அனுப்பினார். இராமாநுசர் பதினெட்டாம் முறையாகப் புறப்பட்டார். தம் மாணவராகிய முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துச் சென்றார். தனியே வரச்சொல்லியிருக்க இருவரோடு வந்தது ஏன் என நம்பி வினவினார். முதலியாண்டானே தம் தண்டு, கூரத்தாழ்வானே தம் பவித்திரம் என்று இராமாநுசர் விடையிறுத்தார். தாம் பெறப்போகும் பேற்றினைத் தம்மோடு நடந்தவரும் பெறவேண்டும் என்னும் கருத்து அவ்விடையில் விளங்கிற்று. நம்பி, தகுதியில்லாதார்க்கு இதனை வெளியிடலாகாது என்று உறுதி பெற்றுக்கொண்டு, உட்பொருளை உபதேசித்தார்.

அதன்பின் நிகழ்ந்ததைத் தமிழ்நாடு இன்றும் மறக்கவில்லை. இராமாநுசர் திருக்கோட்டியூர்க் கோயிலின் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, ஆர்வமுடையார் அனைவரையும் அழைத்து, தாம் கேட்ட பொருளை அவர்களுக்கு எடுத்துரைத்தார். செய்தி கேட்ட நம்பி வெகுண்டார். ஆசிரியர் ஆணையை மீறியோர் நரகம் புகுவர் என்பதை நினைவூட்டினார். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பல்லாயிரவர் உய்வு பெறுவரேல் அதுவே தமக்கு மகிழ்ச்சி என்று இராமாநுசர் பணிந்து கூறினார். நம்பியின் சினம் வியப்பாக மாறியது. அருளில் தம்மினும் மிக்கவர் இவர் என்று உணர்ந்து, அவரைத் தழுவிக்கொண்டு, எம்பெருமானார் என்னும் பெயரைச் சூட்டினார்.

18 முறை நடந்து பெற்ற பொருளை ஒரே நாளில் எல்லார்க்கும் வழங்கிவிட்டார் இராமாநுசர். வருந்திப் பெற்றவர் அதனை மறைத்து வைத்துக்கொள்ள விரும்புவது உலக இயற்கை. தாம் பட்ட வருத்தம் பிறர்க்கு வேண்டா என்று எண்ணியது அவருடைய தனிப்பெருமை.

மீண்டும் தொடர்ந்த பாடம்

பின்னர்த் திருமாலையாண்டான் என்பவரிடம் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்கத் தொடங்கினார். இடையிடையே சில பாடல்களுக்கு வேறு பொருளும் கூறலாம் என்று இராமாநுசர் தெரிவித்தார். அது ஆண்டானுக்குப் பிடிக்கவில்லை, பாடம் நின்றது. இளமையில் திருப்புட்குழியில் நேர்ந்ததே மீண்டும் நேர்ந்ததுபோல் ஆயிற்று. ஆயினும் இம்முறை திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்திற்கு வந்து, இராமாநுசரின் தகுதியை ஆண்டானுக்கு உணர்த்தினார். நின்ற பாடம் தொடர்ந்தது. முன்பு பலமுறை வாயிலை அடைத்தவரே இப்பொழுது அடைத்த வாயிலைத் திறந்து வைத்தார்.

திருவரங்கப்பெருமாள் அரையரிடம் கற்க விரும்பியபோது, அவருக்கு ஆறு திங்கள் தொண்டு செய்தார். பால் காய்ச்சிக் கொடுப்பதும், மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுப்பதும் அவர் செய்த பணிகளாம். தாய்மாமன் பெரிய திருமலை நம்பியிடம் ஓராண்டு தங்கி இராமாயணம் கேட்டார். இவ்வாறு ஐந்து ஆசிரியரிடம் கற்று, ஆளவந்தாரிடம் பெற முடியாத செல்வத்தைப் பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

காவிரி மணலில்

திருவரங்கக் கோயிலின் ஆட்சியில் இராமாநுசர் பல சீர்திருத்தங்களைச் செய்தார். கோயிற்பணிகளை வகுத்து, இன்னார்க்கு இன்ன கடமை என்று வரையறுத்தார். அவர் செய்த ஒழுங்குகளைக் கோயிலொழுகு என்னும் நூல் விரிவாகக் கூறும். ஒழுங்கை விரும்பாதார் சிலர் அவர்மேல் பகை கொண்டனர். அவர் இரந்து உண்ணும் உணவில் நஞ்சு கலந்தனர். அதனை இடவந்த பெண்மணி உள்ளம் பொறாது, தம் செயலால் குறிப்பாக அவருக்கு உணர்த்திவிட்டாள். உண்மை அறிந்த இராமாநுசர், பகைவரைத் தண்டிக்க முற்படவில்லை. உலகில் இத்தீமைக்கும் இடம் உண்டே என்று வருந்தி, உணவை விட்டிருந்தார்.

இச்செய்தி திருக்கோட்டியூர் வரையில் எட்டியது. முதியவராகிய நம்பி, தம் மாணவரைக் காணத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவர் வருவதை அறிந்த இராமாநுசர், உண்ணாமையால் மெலிந்த உடலோடு காவிரிக் கரைக்கு விரைந்து ஓடினார். நேரம் நண்பகல், ஆற்றுமணல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆசிரியரைக் கண்டதும் அம்மணலிலேயே அடியற்ற மரம்போல் விழுந்து வணங்கினார். எழுந்திருக்குமாறு ஆசிரியர் பணித்த பின்னரே எழுதல் வேண்டும் என்பது மரபு. நம்பியோ ஒன்றும் கூறாமல் நின்றார். கொதிமணலில் இராமாநுசரின் உடல் வெந்தது. அவரும் அசையவில்லை.

கூட்டத்தில் நின்ற கிடாம்பி ஆச்சான் என்னும் மாணவர் இதனைக் கண்டு பொறுக்கலாற்றாதவராய், நம்பியின் செயலைக் கடிந்து பேசி, இராமாநுசரை வாரி எடுத்து, தாம் மணலில் கிடந்து தம் உடல்மேல் அவரைத் தாங்கிக்கொண்டார். அப்பொழுது நம்பியின் முகம் மலர்ந்தது. இராமாநுசரின் உடலைத் தன் உடலினும் மேலாகக் காக்கும் ஒருவரைக் காண்பதற்காகவே தாம் காத்திருந்ததாக அவர் கூறினார். அன்று முதல் இராமாநுசருக்கு உணவு சமைக்கும் பொறுப்பைக் கிடாம்பி ஆச்சானிடம் ஒப்படைத்தார்.

தளராத உள்ளம் உடையவருக்கும் துணை வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது. இராமாநுசர் பிறர் துணையை ஏற்க ஒருநாளும் நாணியதில்லை. உறையூரைச் சேர்ந்த மல்லர் ஒருவர் அவருடைய அன்பிற்குரிய மாணவரானார். பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று அவரை அழைப்பர். முதுமையில் காவிரிக்கு நீராடச் செல்லும்பொழுது முதலியாண்டான் கைப்பற்றிச் செல்வதும், நீராடித் திரும்பும்பொழுது தாசரின் தோளைப் பற்றி வருவதும் இராமாநுசரின் வழக்கம். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசியோர் அதனைக் குறை கூறினர். தாசரின் தூய குணத்தைக் காட்டி, குறை கூறியோரை அவர் நாணச் செய்தார்.

வடநாட்டு நெடும்பயணம்

ஆளவந்தாரின் விருப்பங்களுள் தலையாயது வேதாந்த சூத்திரத்திற்கு உரை காண்பது. அதற்குப் போதாயனர் இயற்றிய பழைய விளக்கநூல் இன்றியமையாததாய் இருந்தது. அந்நூல் காசுமீரத்தில் இருப்பதை அறிந்த இராமாநுசர், கூரத்தாழ்வானோடு அந்நெடுந்தொலைவு சென்றார். பெருமுயற்சியால் ஏடு கைக்கு வந்தது. ஆயினும், அதனை வெளியே கொண்டுபோகவிட மனமில்லாத அந்நாட்டுப் புலவர்கள், வழியிலேயே பின்தொடர்ந்து வந்து பறித்துச் சென்றனர்.

ஒரு நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடி வரையில் சென்ற உழைப்பு அத்தனையும் வீணாயிற்றே என்று இராமாநுசர் கலங்கினார். அப்பொழுது கூரத்தாழ்வான், இரவுதோறும் பிறர் உறங்கியபின் அவ்வேட்டைப் படித்து மனத்தில் பதித்துக்கொண்டதைத் தெரிவித்தார். ஏடு போயிற்று; ஏட்டின் பொருள் போகவில்லை. திருவரங்கம் திரும்பியபின் இராமாநுசர் உரை சொல்ல, கூரத்தாழ்வான் எழுதினார். அவ்வாறு எழுந்த ஸ்ரீபாஷ்யம் இந்திய மெய்ப்பொருள் நூல்களுள் தலைசிறந்த ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது.

ஒதுங்கலும் மீளலும்

முதுமை எய்திய காலத்தில் இராமாநுசருக்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. வைணவத்தின்மேல் வெறுப்புற்ற சோழ மன்னன் ஒருவன் அவரை அழைத்து வருமாறு ஏவலரை அனுப்பினான். அவருடைய உயிர்க்கு ஊறு நேரும் என்று அஞ்சிய கூரத்தாழ்வான், ஆசிரியரின் காவியுடையைத் தாம் உடுத்துக்கொண்டு, பெரிய நம்பியோடு அரசன்பால் சென்றார். இராமாநுசர் வெள்ளாடை உடுத்து, சில மாணவரோடு மேற்கு நோக்கிச் சென்றார். அரசவையில் கூரத்தாழ்வான் கண்ணொளி இழந்தார். பெரிய நம்பியும் துன்புற்று, திரும்பும் வழியில் உயிர் நீத்தார்.

இராமாநுசரும் உடன் சென்றோரும் மழையில் நனைந்து, பசியால் வாடி, மலையும் காடும் கடந்து நடந்தனர். காட்டில் வாழ்ந்த வேடுவர் தேனும் தினையும் அளித்து அவர்களைக் காத்தனர். இளமையில் விந்தியக் காட்டில் உதவியோரும் வேடுவர். முதுமையில் மேற்குமலைக் காட்டில் உதவியோரும் வேடுவரே.

எதிர்த்து நிற்பது ஒன்றே ஆண்மை என்று கருதுவோர், இராமாநுசர் விலகிச் சென்றதைத் தோல்வி என்று எண்ணலாம். காலில் காயம் பட்டவன் அது ஆறுமுன் ஓடினால், சிறு காயம் பெருங்காயமாகும். சில நாள் ஒதுங்கியிருப்பவன் ஓட்டத்தைத் துறந்தவன் அல்லன். இராமாநுசர் திருவரங்கத்தை விட்டு நீங்கினாரேயன்றி, எடுத்த பணியை விட்டு நீங்கவில்லை. போசள நாட்டில், இன்று கருநாடகத்தில் உள்ள மேல்கோட்டையில் தங்கி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் தொண்டாற்றினார். அங்குள்ள திருநாராயணன் கோயிலைச் சீர்ப்படுத்தினார். தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்து, ஆண்டில் குறித்த நாள்களில் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமையையும் வழங்கினார்.

மன்னன் மறைந்த செய்தி கேட்டபின் அவர் மீண்டும் அரங்கநகரை அடைந்தார். தமக்காகக் கண்களை இழந்த கூரத்தாழ்வானைத் தழுவிக் கண்ணீர் சொரிந்தார். பின்பு, விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். வைணவ நெறியைப் பல ஊர்களிலும் நடத்துவதற்கு 74 ஆசிரியர்களை ஏற்படுத்தினார். தாம் ஒருவரே நடந்த நெறியில், தமக்குப்பின் பலர் நடக்குமாறு வழி அமைத்தார்.

முடிவுரை

1137ஆம் ஆண்டில் திருவரங்கத்திலேயே இராமாநுசரின் வாழ்வு நிறைவெய்தியது. அவர் 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. அரங்கன் கோயிலின் திருச்சுற்றுள் அமைந்த அவருடைய சந்நிதியில், அவரது திருமேனியே நிலைபெற்றிருப்பதாகக் கருதி மக்கள் இன்றும் வழிபடுகின்றனர்.

கொள்ளிடக் கரையில் மூன்று விரல்களைக் கண்டு அவர் பூண்ட உறுதிகளும் நிறைவேறின. சூத்திரத்திற்குப் பேருரை எழுந்தது. கூரத்தாழ்வானின் மக்களுக்குப் பராசரர், வியாசர் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. நம்மாழ்வாரின் தமிழுக்கு, இராமாநுசரின் ஆணையால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் முதல் உரையை எழுதினார். ஏமாற்றத்தோடு தொடங்கிய பயணம் இவ்வாறு நிறைவு பெற்றது.

அவர் வாழ்வில் ஆசிரியரின் பகை வந்தது. வேறு ஆசிரியரைத் தேடினார். வாயில் அடைபட்டது, மீண்டும் சென்றார். ஏடு பறிபோயிற்று; நினைவைக் கொண்டு நூல் செய்தார். இருந்த ஊரில் இடம் இல்லாமற் போயிற்று. வேற்றூரில் பணி தொடங்கி, காலம் வந்தபோது திரும்பினார். ஒவ்வொரு தடைக்கும் அவர் கண்ட வழி வேறு, நோக்கம் ஒன்றே. வலியை உணராதவரல்லர் அவர். கண்ணீர் வடிக்காதவரும் அல்லர். வலியும் கண்ணீரும் அடங்கியபின் அவர் கால்கள் மீண்டும் வழியை நாடின.

விளையாட்டிலும் கல்வியிலும் முதல் முயற்சியில் தோல்வியுற்று மனம் சோரும் மாணவர், திருக்கோட்டியூருக்குச் செல்லும் வழியில் பதினேழாம் முறை வெறுங்கையோடு திரும்பிய அப்பெரியாரை நினைத்தல் வேண்டும். அன்று அவர் நின்றிருந்தால் பதினெட்டாம் நடை நிகழ்ந்திராது. அந்நடை நிகழ்ந்திராவிடில், அவருக்குக் கிடைத்த பேறு உலகினர்க்கும் கிடைத்திராது.